உங்களுக்குத் தெரியுமா? ரேகை வைக்க மறுத்த தங்கவயல்

மைசூர் சமஸ்தானத்தில், மாரிகுப்பம் உள்ளிட்ட கோலார் தங்கவயலில் 1930-ல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலிக்காக அல்ல, தொழிலாளர் அனைவரும் விரல் ரேகை பதிய வேண்டும் என்ற உத்தரவுக்கு எதிராக! பெரும்பாலும் தமிழ்த் தலித்துகளான அவர்களுக்கு அன்று அங்கீகாரம் பெற்ற சங்கம்கூடக் கிடையாது. ஆனாலும் சுரங்கங்கள் சுமார் மூன்று வாரம் முடங்கின. (தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1906-ல் காந்தியோடு தமிழர்கள் எதிர்த்ததும் இதே ரேகைப் பதிவைத்தான்.)

தனிமனிதச் சுதந்திரவாதி தங்கவயலின் ரேகை உத்தரவில் அதிகாரத்தின் அத்துமீறலைக் காண்பார். மார்க்சியர், உழைப்பாளியைக் கட்டிவைக்கும் முதலாளியின் கயிற்றைக் காண்பார். எதிர்ப்பில் இருவரும் ஒரே பக்கம். சொத்து யாருக்கு என்று கேட்டால் பிரிந்துவிடுவார்கள்: 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது மார்க்சியருக்கு முன்னேற்றம், சுதந்திரவாதிக்கு இன்னொரு அத்துமீறல். சங்கமே இல்லாமல் எழுந்த அந்தத் தொழிலாளர்களின் தன்மானத்துக்கு இருவருமே கடன்பட்டவர்கள்.