நாய் நாள் முழுக்கக் குரைக்கிறதா? திட்டும் முன் ஒரு வாரம் கணக்கு எழுதிப் பாருங்கள்

"உங்க நாய் காலையிலிருந்து சாயங்காலம் வரை குரைச்சுக்கிட்டே இருக்கு. நாங்களும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறோம்."

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இந்த மெசேஜ் வந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். பதில் எழுத முடியவில்லை. ஏனென்றால் நான் இல்லாத நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாது.

மிளகு எங்கள் பெங்களூரு தெருவில் பிறந்த நாட்டு நாய். குட்டியாக வந்த நாளிலிருந்து வீட்டில் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருந்தோம். வொர்க் ஃப்ரம் ஹோம் காலம் அது. பிறகு வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் வரச் சொன்னார்கள். நாங்கள் போனோம். மிளகுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

மெசேஜ் வந்த அன்றைக்கே, குரைத்தால் அதிரும் காலர் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். மாட்டியதும் இரண்டு நாள் அமைதி. 'பிரச்சனை தீர்ந்தது' என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது, முன்னங்காலைத் தானே கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள். காலரைக் கழற்றி எறிந்தேன். அன்று இரவு வீட்டில், "யாருக்காவது கொடுத்துடலாமா?" என்ற பேச்சு வந்தது. விளையாட்டாக இல்லை.

கொடுப்பதற்கு முன் என் தொழிலில் தினமும் செய்வதைச் செய்து பார்த்தேன். ஒரு பழைய போனை அலமாரியில் வைத்து ஒலிப்பதிவு செய்தேன். வார இறுதியில் உட்கார்ந்து, எப்போது குரைத்தாள், அதற்கு முன் என்ன சத்தம் கேட்டது என்று ஷீட்டில் எழுதினேன்.

'நாள் முழுக்க' என்பது சரியில்லை. 'எப்பவாவதுதான் குரைப்பா' என்று நான் நம்பியதும் சரியில்லை. கதவு மூடிய முதல் அரை மணி நேரம் விடாத ஊளை. பிறகு தூக்கம். அதன் பின் லிஃப்ட் சத்தம், காலிங் பெல், டெலிவரி ஆள் என்று வரும்போதெல்லாம் சில நொடி குரைப்பு. முதலாவது தனிமைப் பயம். இரண்டாவது காவல். இரண்டு வேறு காரணங்களுக்கு ஒரே காலரை மாட்டியிருக்கிறேன். அதிலும் பயந்து கத்தும் நாய்க்கு, பயத்தின் மேல் இன்னொரு தொல்லையைச் சேர்த்திருக்கிறேன்.

இது உங்கள் வீட்டில் மட்டுமா?

இல்லை. பின்லாந்தில் 13,700-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு, 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. 72.5% நாய்களிடம் பயம், சத்தத்துக்கு மிரளுதல், ஆக்ரோஷம் போன்ற ஏதாவது ஒரு நடத்தைச் சிக்கல் இருந்தது. அதிகம் காணப்பட்டது சத்தத்துக்கு மிரளுவது: 32%.

பின்லாந்து வேறு, நம் ஊர் வேறுதான். ஆனால் 'என் நாய்தான் இப்படி' என்ற குற்ற உணர்ச்சியைக் கீழே வைக்க இந்த எண் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குரைப்பது, கடித்துப் பார்ப்பது, தோண்டுவது, தாவுவது எல்லாமே நாய்க்கு இயல்பானவை. தோட்டமும் திண்ணையும் இருக்கும் வீட்டில் குரைப்பு என்பது வாட்ச்மேன் வேலை. இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் அதே குரைப்பு புகார் ஆகிறது. நாய் மாறவில்லை, இடம் மாறியிருக்கிறது.

நாலு தட்டு தட்டினால் திருந்தாதா?

நம்மில் பலர் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். மூன்று காரணங்களால் இது வேலை செய்வதில்லை.

முதலாவது, நேரம். காலையில் கிழித்த சோஃபாவுக்கு மாலையில் திட்டினால், நாய்க்கு அந்தத் தொடர்பு புரியாது. "இல்லையே, தப்பு பண்ணிட்டோம்னு அது மூஞ்சியிலேயே தெரியுதே" என்பீர்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். அந்த 'குற்ற முகம்', நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. அது மன்னிப்பு முகம் இல்லை, உங்கள் கோபத்தைப் பார்த்து வரும் அச்சம்.

இரண்டாவது, திருப்பித் தாக்கும் அபாயம். அமெரிக்காவில் நடத்தைச் சிக்கலுக்காகச் சிகிச்சைக்கு வந்த 140 நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நாயை அடித்த அல்லது உதைத்தவர்களில் 43% பேர், நாய் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியதாகச் சொன்னார்கள்.

மூன்றாவது, மன அழுத்தம். போர்ச்சுகலில் 92 நாய்களை ஒப்பிட்ட 2020 ஆய்வில், தண்டனை அடிப்படையிலான பயிற்சிக்குப் போன நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம் இருந்தன. பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில் கார்டிசால் அளவும் உயர்ந்திருந்தது.

'நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும்' என்ற அறிவுரைக்கும் ஒரு பின்கதை உண்டு. அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-ல் எழுதியதில் இருந்து வளர்ந்த கருத்து அது. 1970-ல் வந்த தன் புத்தகத்தில் அதைப் பரவலாக்கிய டேவிட் மெக், பின்னர் காட்டு ஓநாய்களை நேரில் கவனித்து 1999-ல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம். பதவிச் சண்டைக் கூடாரம் இல்லை.

சரி, அப்போ எங்கே ஆரம்பிப்பது?

ஒரு ஷீட், மூன்று பத்தி. நாய் அப்படிச் செய்வதற்கு முன் என்ன நடந்தது? நாய் என்ன செய்தது? அதன் பிறகு அதற்கு என்ன கிடைத்தது?

மூன்றாவது பத்திதான் முக்கியம். மேலே தாவினால் நீங்கள் கையால் தள்ளி, "டேய், இறங்குடா" என்று பேசுகிறீர்கள். நாய்க்கு அது கவனிப்பு. ஜன்னலில் நின்று குரைத்தால் டெலிவரி ஆள் போய்விடுகிறார். நாயின் கணக்கில் அது வெற்றி. பலன் கிடைக்கும் செயல் திரும்ப வரும். நம் இன்கிரிமென்ட் மாதிரிதான்.

ஒரு வாரம் எழுதினால் காரணம் பிடிபடும். பிறகு மூன்று படி: தூண்டும் விஷயத்தைக் குறையுங்கள், பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள், அதைச் செய்ததும் உடனே பலன் கொடுங்கள்.

நன்றாக இருந்த நாய் திடீரென்று மாறினால் மட்டும் ஷீட்டுக்கு முன் கால்நடை மருத்துவர். காது வலி, பல் வலி, மூட்டு வலி எல்லாம் உறுமலாகவும் வெளியே வரும்.

அடிக்கடி வரும் ஐந்து சிக்கல்கள்

தனியே விட்டால் ஊளை. நாய் பதறாத நேரத்தில் இருந்து தொடங்குங்கள். அது 10 நொடியாகக்கூட இருக்கலாம். வெளியே போய், பதற்றம் தொடங்கும் முன் திரும்பி வாருங்கள். பிறகு 30 நொடி, 2 நிமிடம், 5 நிமிடம். கேமராவிலோ போனிலோ பார்த்து, பதறினால் ஒரு படி பின்னால் வாருங்கள். பழகும் வரை முழு நாள் தனியே விடாமல் இருக்க உறவினர், டாக் சிட்டர், மாற்றி மாற்றி ஆபீஸ் போவது என்று ஏதாவது ஏற்பாடு வேண்டும். செலவுதான். ஆனால் பாதியில் ஒருநாள் எட்டு மணி நேரம் விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். கடுமையான பதற்றத்துக்குக் கால்நடை மருத்துவர் தரும் மருந்துகள் உண்டு. உங்கள் மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

காலிங் பெல் குரைப்பு. பெல் சத்தத்தை போனில் பதிவு செய்து, மிக மெல்லிய ஒலியில் போடுங்கள். சத்தம் கேட்டதும் பாயில் ஒரு துண்டு சிக்கன். 'பெல் அடித்தால் பாய்க்கு ஓடணும்' என்பது பழகப் பழக ஒலியைக் கூட்டுங்கள். டெலிவரி ஆப்பில் 'பெல் அடிக்க வேண்டாம்' என்று குறிப்பு எழுதுவதும் இந்தச் சிகிச்சையில் சேர்த்திதான்.

செருப்பு, சார்ஜர் கடிப்பது. குட்டிக்குச் சுமார் 4 மாதத்தில் பால் பல் விழத் தொடங்கி, 6, 7 மாதத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். ஈறு உறுத்தும், கடிக்கத்தான் செய்யும். செருப்பை அலமாரியில் பூட்டுங்கள், கடிக்கத் தகுந்த பொம்மையைக் கையில் கொடுங்கள். வளர்ந்த நாய் கடித்தால் பெரும்பாலும் போர் அடிக்கிறது என்று பொருள். வாக்கிங்கில் இழுத்துக்கொண்டு ஓடாமல், நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல் பழைய துண்டில் சுருட்டி வைத்துத் தேட விடுங்கள்.

சாப்பிடும்போது உறுமல். உறுமலைத் தண்டிக்கவே கூடாது. அது வண்டியில் எரியும் எச்சரிக்கை விளக்கு. பல்பைக் கழற்றினால் இன்ஜின் சரியாகாது. உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய், அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கலாம். தட்டைப் பிடுங்காமல், தூரத்தில் இருந்தே அதைவிட ருசியான ஒன்றைத் தட்டின் பக்கம் போடுங்கள். 'மனுஷன் வந்தா நஷ்டம் இல்லை, லாபம்' என்று நாய் கற்க வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் பயிற்சி முடியும் வரை நாய்க்குத் தனி அறையில் சாப்பாடு. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 'நம்ம வீட்டு நாய்தானே' என்று விடாதீர்கள்.

தீபாவளிப் பட்டாசு. பயிற்சி தீபாவளிக்குப் பல வாரம் முன்பே தொடங்க வேண்டும். பட்டாசு ஒலிப்பதிவை மெல்லிய ஒலியில் போட்டுத் தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். அன்றைய நாளில் வெளிச்சம் இருக்கும்போதே வாக்கிங், ஜன்னல் மூடிய உள்ளறை, ஃபேன், டிவி சத்தம், கழுத்தில் போன் எண் எழுதிய பட்டை. பயந்த நாயை மடியில் வைத்துத் தடவினால் பயம் கூடும் என்பது கட்டுக்கதை. தாராளமாகத் தடவுங்கள்.

முதலிலேயே தடுக்க முடியாதா?

முடியும். அதற்கான வாய்ப்பு மிகக் குறுகியது. பிறந்த 3-வது வாரத்தில் இருந்து 12 முதல் 14-வது வாரம் வரை குட்டி பார்க்கும், கேட்கும் விஷயங்களே அதற்கு 'உலகத்தில் சாதாரணம்' என்று பதிகின்றன. ஹெல்மெட் போட்டவர், குடை, ஆட்டோ, குக்கர் விசில், லிஃப்ட், குழந்தைகள் என எல்லாவற்றையும் இந்த நாட்களில் நல்லபடியாகச் சந்திக்க வேண்டும்.

'தடுப்பூசி முடியும் வரை வெளியே வேண்டாம்' என்ற தயக்கத்தில் இந்தக் காலம் கைநழுவுகிறது. பார்வோ பயம் நியாயமானது. நடுவழி உண்டு: தரையில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். கேட் பக்கம் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்க விடுங்கள்.

தாயிடமிருந்து மிகச் சீக்கிரம் பிரித்த குட்டியை வாங்காதீர்கள். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ன் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. தனியே இருப்பதையும் முதல் வாரத்தில் இருந்தே சில நிமிடங்களாகப் பழக்குங்கள். வொர்க் ஃப்ரம் ஹோமில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம். நாங்கள் தவறவிட்டது இதைத்தான்.

அசோசியேஷன் புகார் கொடுத்தால்?

குடியிருப்போர் சங்கங்கள் செல்ல நாயை வளர்க்கத் தடை போட முடியாது, குரைப்பதைக் காரணம் காட்டியும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே நேரம், வளர்க்கும் விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. அலட்சியம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ன் கீழ் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நாயைத் தெருவில் விட்டுவிடுவதும் 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். சட்டம் தடுக்காவிட்டாலும், ஃபிளாட்டில் வளர்ந்த நாய் தெருவில் எப்படிப் பிழைக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ட்ரெயினரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டு கேள்வி போதும். "நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீங்க? தப்பாகச் செய்தால் என்ன பண்ணுவீங்க?" இரண்டாவதற்குப் பதிலாக ஷாக் காலர், முள் காலர், 'யார் தலைவன்னு காட்டுவேன்' என்று வந்தால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள். நாயை உங்கள் கண் முன்னால் பயிற்றுவிக்க மறுப்பவரும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் 10 நொடியில் தொடங்கிய பயிற்சி, ஒரு முழு ஆபீஸ் நாளை எட்ட நான்கு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை பின்னுக்குப் போனோம். அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்கு நான் பதிலாக அனுப்பியது ஷீட்டைத்தான்: எப்போது குரைக்கிறாள், ஏன், நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம், எவ்வளவு நாள் ஆகலாம். "கொஞ்சம் டைம் கொடுங்க" என்று கடைசியில் எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார்.

மிளகு இன்னமும் லிஃப்ட் சத்தத்துக்கு ஒரு தடவை குரைப்பாள். அதன் பிறகு பாய்க்கு ஓடிப்போய் உட்கார்ந்து, சிக்கனுக்காக என் முகத்தைப் பார்ப்பாள்.