பல்லிடுக்கும் பால்ய வழக்கமும்

மெழுகு பூசிய பட்டு நூலைப் பற்களின் இடுக்கில் செலுத்தி நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டுமென்று அமெரிக்கப் பல் வைத்தியர் லீவை ஸ்பியர் பார்ம்லி 1819-இல் தம் நூலில் எழுதினார். பட்டு போய் நைலான் வந்துவிட்டதேயன்றி, அவர் சொன்ன அவசியம் மாறவில்லை. பிரஷ்ஷின் மயிர்கள் எவ்வளவு சிரத்தையாகத் தேய்த்தாலும், பல்லும் பல்லும் ஒட்டி நிற்கும் இடத்தில் நுழைவதில்லை.

சிறு குழந்தைகளின் முன்பற்கள் பெரும்பாலும் இடைவெளி விட்டே நிற்பதால் அங்கு நூலுக்கு வேலையில்லை. கடைவாய்ப் பால் பற்களோ அகன்ற பக்கங்களோடு நெருங்கி நிற்பவை. அந்த இடுக்கில் தொடங்கும் சொத்தை, உள்ளே வெகுதூரம் அரித்துச் சென்ற பிறகே பெற்றோர் கண்ணுக்குப் புலப்படுகிறது. விழப்போகிற பல்தானே என்று அலட்சியம் செய்வது பெரும் பிழை. ஏனெனில் இப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. இவற்றை முன்னதாகவே பறிகொடுத்தால், ஆறு வயதில் முளைக்கும் நிலைத்த கடைவாய்ப் பல் முன்னோக்கிச் சாய்ந்து, பின்னர் வரவேண்டிய பல்லின் இடத்தை அபகரித்துவிடும்.

இரண்டு பற்கள் எப்போது ஒன்றையொன்று தொடுகின்றனவோ அப்போதே நூல் செலுத்தத் தொடங்கலாம். இரவு பல் துலக்கும் வேளையில் குழந்தையின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, சுமார் 45 செ.மீ. நூலை இரு நடுவிரல்களிலும் சுற்றி, நடுவே ஓரிரு அங்குலம் மட்டும் இறுக்கிப் பிடித்து, வெடுக்கென்று அழுத்தாமல் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து இறக்கி, ஒரு பல்லின் பக்கத்தைத் தழுவுமாறு வளைத்து, ஈற்றின் ஓரம்வரை மேலும் கீழும் இழுத்துவிட வேண்டும். அடுத்த பல்லுக்கும் அப்படியே. ஒவ்வோர் இடுக்குக்கும் நூலின் புதிய பகுதி வேண்டும். கைப்பிடி வைத்த நூல் (ஃப்ளாஸ்) சிறிய வாய்க்குச் சௌகரியமானது. ஈறு வீங்கியிருந்தால் ஆரம்பத்தில் சிறிது ரத்தம் கசியலாம். இரண்டு வாரத்திற்குப் பிறகும் நிற்காவிடில் வைத்தியரிடம் காட்டுவது உத்தமம்.

வழக்கத்தை நிலைநாட்டுவதே கடினமான பகுதி. எட்டு அல்லது பத்து வயது ஆகும் வரை குழந்தையின் விரல்கள் இவ்வேலைக்குப் பழகுவதில்லையாதலால், அதுவரை இது பெற்றோரின் கடமையே. முதலில் இரண்டே இடுக்குகள் போதும். நூலைப் பெட்டியிலிருந்து இழுத்து அறுக்கும் உரிமையைக் குழந்தைக்கே கொடுங்கள். ஓர் இரவு தவறினால் கோபிக்காமல் மறுநாள் தொடருங்கள். இதைத் தண்டனையாக்கிய வீட்டில் குழந்தை வாயைத் திறக்க மறுப்பது சகஜம். அப்பாவும் அம்மாவும் தினந்தோறும் செய்வதைக் காணும் குழந்தைக்கோ தனி உபதேசம் தேவைப்படுவதில்லை.

அடுத்த முறை பல் வைத்தியரிடம் செல்லும்போது, எந்தெந்த இடுக்குகள் நெருங்கிவிட்டன என்று கேட்டு, நூல் செலுத்தும் முறையை அவர் கையாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.