குளத்துப் பூச்சி போட்டோ: எதை அழிக்கலாம், எதை விடணும்?

தண்ணி மேல நடக்குற வாட்டர் ஸ்ட்ரைடர் பூச்சியை மேக்ரோவுல எடுத்தா, தண்ணி வெள்ளைத் திட்டாவும் பூச்சி கறுப்பாவும் வருதா? சரிபண்ணலாம்.

ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 நிலைதான். 14 பிட் ரா ஃபைல்ல 16,384. அதனால ராவுல எடுங்க. முதல்ல ஹைலைட்ஸைக் குறைங்க. அப்புறம் பூச்சியை மட்டும் மாஸ்க் பண்ணி ஷேடோஸை ஏத்துங்க. ஷார்ப்பனிங்கும் பூச்சிக்கு மட்டும்தான். தண்ணிக்கும் போட்டா நாய்ஸ் தெரியும். முழுசா வெளுத்துப்போன இடம் மட்டும் திரும்ப வராது.

சென்சார் தூசிப் புள்ளியை ஹீலிங் பிரஷ்ல அழிக்கலாம். ஆனா பூச்சியோட காலடியில தண்ணி லேசா குழிஞ்சிருக்கும், அதைத் தொடாதீங்க. நான் ஒருமுறை அழகுக்காக அழிச்சேன். பூச்சி அந்தரத்துல தொங்குச்சு! பரப்பு இழுவிசை அதைத் தாங்குதுன்னு சொல்ற சாட்சியே அந்தக் குழிதான்.