முதுகைத் திருப்பிப் பாருங்கள்

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, படுத்த படுக்கையான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வைப்பது இன்று சென்னை, கோவை வீடுகளில் சாதாரணம். வீடியோ காலில் முகத்தைப் பார்த்து, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு நிம்மதியாகிறோம். பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பது முகத்தில் தெரியாது; முதுகில் தெரியும்.

தானாக அசைய முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். தொடக்கத்தில் அந்த இடம் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் வெளிறாது. நம் மாநிறத்தில் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணில் படாது. தொட்டுப் பார்த்தால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அப்போதே கவனிக்காவிட்டால் எலும்பு வரை குழி விழலாம். காற்று மெத்தை வாங்கிப் போட்டாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. ஒரே ஆளைப் பகலும் இரவும் வைத்துக்கொண்டு இதை எதிர்பார்ப்பது அவருக்கும் அநியாயம், நோயாளிக்கும் ஆபத்து.

ஏஜென்சி ‘நர்ஸ்’ என்று அனுப்புகிற எல்லோரும் செவிலியர் அல்லர். ஊசி போடவும் சிறுநீர்க் குழாய் மாற்றவும் வருபவரிடம் தமிழ்நாடு செவிலியர் குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எந்தெந்த வேலை, எத்தனை மணி நேரம், ஆள் வராவிட்டால் மாற்று யார் என்பதை ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பராமரிக்கப்படுபவரிடம் தனியாகப் பேசுங்கள். இந்த ஆளும் போய்விட்டால் யார் வருவார் என்ற பயத்திலேயே பலர் வாய் திறப்பதில்லை.

காசு கொடுத்துப் பெறும் சேவையில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம், வக்கீல் கட்டாயமில்லை. ரசீது, தேதியோடு எடுத்த படம், மருத்துவர் குறிப்பு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915இலும் முறையிடலாம். அடி, மிரட்டல், திருட்டு என்றால் நேரே காவல் நிலையம்தான். முதியோருக்கான உதவி எண் 14567.

கைவிட்டது பிள்ளைகளே என்றால் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் ஜீவனாம்சம் கேட்கலாம். மூத்த குடிமக்களைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். ஆள் வைக்க வசதியில்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன.