பயிற்சி மலையேறாதிருக்க

விளக்கு அணைந்தது என்று நம் வீடுகளில் சொல்வதில்லை, மலையேறியது என்போம். திருவண்ணாமலையிலோ தீ மெய்யாகவே மலையேறுகிறது, ஏறி நிலைக்கிறது. கார்த்திகைத் திருநாளின் மாலை 6 மணியளவில், கோயிலுள் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் வேளையில், 2,668 அடி உயரத்து உச்சியில் செப்புக் கொப்பரையில் மகாதீபம் சுடர்கிறது. ஏற்றுவோர் பருவதராச குலத்தார். நெய்யில் தோய்ந்த காடாத்துணித் திரியை மலைக்காற்றிடையே பற்றவைக்கும் அத்திறம், மூத்தோர் அருகிருக்க அம்மலையிலேயே பழகிய திறம்.

அலுவலகப் பயிற்சிகளுக்கு இப்பேறு வாய்ப்பதரிது. மூன்று நாள் பயின்று திரும்பும் மேலாளரைக் குவிந்த கோப்புகள் எதிர்கொள்கின்றன. கற்றதென்ன என்று கேட்பாரில்லை. பயிலாத நினைவு விரைந்து தேய்வதை உளவியலாளர் எபிங்காசு 1885-இல் தம்மையே சோதித்து நிறுவினார். கற்ற சூழலும் செயற்சூழலும் ஒத்த கூறுகள் உடையனவாயின் கற்றது எளிதில் கைக்கு வரும் என்று உளவியலாளர்கள் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901-இல் காட்டினர். பயில்வோர் இயல்பு, பயிற்சியின் அமைப்பு, பணிச்சூழல் என்னும் மூன்றே, கற்றது பணிக்கு வந்துசேரும் பயிற்சி மாற்றத்தின் காரணிகள் என 1988-இல் ஆய்வாளர்கள் பால்டுவினும் ஃபோர்டும் தொகுத்தனர்.

இவற்றுள் பெரிதும் புறக்கணிக்கப்படுவது பணிச்சூழலே. தீபத்திருவிழாக் கூட்டத்தை நெறிப்படுத்தும் பயிற்சி பெற்ற ஓர் அலுவலரை எண்ணுவோம். அவர் கற்றதைக் கார்த்திகை வரை பூட்டிவைத்தால், பல இலட்சம் மக்கள் திரளும் நாளில் பழைய வழக்கமே தலைதூக்கும். ஆனால் இவ்வூரில் திங்கள்தோறும் முழுநிலா வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிறைகிறது. இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டு லிங்கங்களின் முன்னும் மக்கள் தேங்குவர். ஓரிடத்துத் தேக்கத்தையேனும் புதுமுறையில் கலைத்துப் பார்க்க மேலதிகாரி இசைவளிக்க வேண்டும். மறுநாள் காலை, உடன்பணியாற்றுவோர் சூழ, "எது பயன்பட்டது? எது இடறியது?" என்று பரிவோடு கேட்க வேண்டும். பிழைக்குத் தண்டனை காத்திருப்பின் எவரும் புதியதைத் தொடார்.

ஆகவே, பயிற்சிக்குப் பொருள் ஒதுக்கும் தலைவர்கள், அதன் பின்வரும் திங்கள்களுக்கும் தம் நேரத்தை ஒதுக்குவாராக. மகாதீபம் 11 நாள் காட்சி தருவது முதல்நாள் ஏற்றிய தீயால் மட்டுமன்று. அடுத்தடுத்த நாள்களிலும் நெய்யும் திரியும் சுமந்து அம்மலை ஏறுவோர் உளர் என்பதாலேயே.