தேய்ந்த ஜீப்பை மாற்றும்போது

தாண்டிக்குடி, போடிமெட்டு போன்ற மலைப் பகுதிகளில் காப்பி, ஏலம் பயிரிடும் விவசாயிகளுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் அவசியம். எஞ்சின் தேய்ந்தால் பிரித்துச் சீராக்கலாம். சேஸிஸ் துருப்பிடித்து இற்றுவிட்டால் அதற்குமேல் செலவிடுவது வீண். அத்தகைய சட்டத்தில் வெல்டிங் வைத்தாலும், பாரத்தோடு மேடேறும்போது விட்டுவிடும்.

வேறு பழைய வண்டி வாங்குவோர் புதுப் பெயிண்டைக் கண்டு மயங்க வேண்டாம். வண்டிக்கடியில் படுத்து, சேஸிஸைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் அரித்திருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லவும். நீலப் புகை ஓயாமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

முன்சக்கர இழுவையை உழுத நிலத்திலோ மணலிலோ போட்டு ஓட்டிப் பார்க்கவும். காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சிலர் இழுவை பழுதானதும் முன்பக்க ஷாஃப்டையே கழற்றி வைத்துவிடுவர். உள்ளே லீவர் மட்டும் ஜம்மென்று நிற்கும்! நான்கு டயர்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியோடு ஒப்பிடவும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்கே. பிறகு புதுப்பித்திருக்கிறார்களா, கடன் பதிவாகியுள்ளதா என்றும் பார்க்கவும். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

விற்ற பழைய ஜீப்பையும் மறந்துவிடக் கூடாது. பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவிலுள்ள உரிமையாளரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நில்லாமல், விற்ற விவரத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தாங்களே எழுதிக் கொடுத்து ரசீது பெறவும்.