நகைச்சுவைக் காட்சிகளில் இயற்பியல்

இயற்பியல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வாடும் மாணாக்கர் பலரை நாம் அறிவோம். இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தமிழ்வழியில் பயின்று, கல்லூரியின் முதலாண்டில் ‘டார்க்’, ‘இனர்ஷியா’ என்னும் சொற்களைத் திடுமென எதிர்கொள்ளும்போது, தமக்கு முன்பே தெரிந்த பொருளைக்கூடத் தெரியாத ஒன்றாக அவர்கள் எண்ணிவிடுகின்றனர். அப்பொருள் அவர்களுக்குத் தெரியும் என்பதே நம் துணிபு. அவர்கள் பலமுறை கண்டு வயிறு குலுங்கச் சிரித்த திரைப்படங்களையே சான்றாகக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

ஆர். சுந்தரராஜன் இயக்கத்தில் 1984-இல் வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சியை அறியாத தமிழர் அரியர். மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் கவுண்டமணியிடம், இவ்விளக்கு எவ்வாறு ஒளி தருகிறது என்று செந்தில் வினவுகிறார். கவுண்டமணி பெருமிதத்தோடு மேண்டிலைச் சுட்டிக்காட்டுகிறார். செந்தில் அதனைப் பிடித்துப் பார்க்க, மேண்டில் பொடிப்பொடியாக உதிர்கிறது. அடுத்து நிகழ்வது ஊரறிந்தது.

செந்தில் கேட்டது மிக நல்ல வினா. விளக்கின் அடித்தொட்டியில் மண்ணெண்ணெய் இருக்கிறது. கைப்பம்பினால் காற்றை அடைக்கும்போது அழுத்தம் மிகுந்து எண்ணெய் மேலேறுகிறது. சூடேறிய குழாயில் ஆவியாகிறது. காற்றுடன் கலந்து எரிகிறது. அவ்வாறு எரியும் சுடர் நீலநிறமானது. வெப்பம் மிகுதி, வெளிச்சமோ குறைவு. அவ்வெப்பத்தை வாங்கி வெண்ணிற ஒளியாக உமிழ்வது மேண்டிலே. ஆகவே கவுண்டமணி அதனைச் சுட்டிக்காட்டியதில் அறிவியற் பிழை சிறிதும் இல்லை.

மேண்டில் ஏன் உதிர்ந்தது? ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த சிறந்த கலவையை 1891-இல் கண்டார். இவற்றின் நைட்ரேட் உப்புகளில் தோய்த்த நூல்வலையை முதன்முறை கொளுத்தும்போது நூல் எரிந்து போகிறது. ஆக்சைடுகளால் ஆன கூடு மட்டும் வலையின் வடிவிலேயே எஞ்சுகிறது. சுடரின் வெப்பத்தைத் தாங்கும் அக்கூடு விரலின் தீண்டலைத் தாங்காது. இந்தத் தோரியத்திற்கு மூலமான மோனசைட் மணல் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. கயிற்று நாரில் ஒட்டிக்கொண்டு ஐரோப்பா சென்ற மணலைக் கொண்டே 1909-இல் ஒரு ஜெர்மானியர் இதனை அடையாளங் கண்டார். தோரியம் மெல்லிய கதிரியக்கம் உடையதாதலால், பிற்காலத்தில் பல நிறுவனங்கள் இட்ரியம் சேர்மங்களுக்கு மாறின.

வினா எழுப்பிய மாணாக்கனுக்குக் கிடைத்ததோ வசை! திரையில் அது நகைப்புக்குரியது. வகுப்பறையில் அவ்வாறு நிகழின் நகைப்பதற்கில்லை.

1989-இல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கலைக்குழுவினர் ஒரு பழைய காரோடு படும் பாட்டினையும் இங்கே நினைவுகூரலாம். நின்றுபோன காரைத் தள்ளியோர் அனைவரும் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர்: முதல் அடி நகர்த்துவதே பெரும்பாடு, நகர்ந்தபின் அத்தனை வலிமை வேண்டுவதில்லை. நின்ற பொருள் நின்றபடியே இருக்க முனைவதும், நகரும் பொருள் நகர்ந்தபடியே இருக்க முனைவதும் நிலைமம் எனப்படும். அதனோடு, அசையாப் பொருளின் உராய்வு அசையும் பொருளின் உராய்வினும் மிகுதியாக இருக்கிறது. உராய்வைப் பகையென்று மட்டும் கருதலாகாது. உராய்வு இல்லையேல் தள்ளுவோரின் கால் வழுக்கும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல் ஆலை சாணைக்கற்களைச் செய்து உராய்வையே விலைபொருளாக்குவதை நம் பகுதியினர் அறிவர்.

இனி நாம் சற்று விரிவாகக் காண விரும்பும் காட்சிக்கு வருவோம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நான்கு வேடங்களில் தோன்றிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990-இல் வெளிவந்தது. அதன் இறுதிக் கட்டத்தில், மலை விளிம்பில் ஒரு மரவீடு பாதி வெளியே நீட்டியபடி தள்ளாடுகிறது. உள்ளிருப்போர் இப்பக்கம் ஓடினால் வீடு இப்பக்கம் சாய்கிறது. அப்பக்கம் ஓடினால் அப்பக்கம். சார்லி சாப்ளின் 1925-இலேயே ‘தி கோல்டு ரஷ்’ படத்தில் இத்தகைய காட்சியை அமைத்துப் புகழ் பெற்றார்.

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் செயற்படுவதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். அம்மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் நேர்கோடு, தாங்கும் தளத்திற்குள் விழும்வரை பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். கணக்கிட்டே பார்ப்போம். வீட்டின் நீளம் 10 மீட்டர், எடை 2000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மையம் நடுவில், அதாவது 5 மீட்டரில். வீடு 4 மீட்டர் வெளியே நீட்டியிருந்தால் மையம் விளிம்புக்கு உட்புறம் 1 மீட்டரில் இருக்கும். எடையைத் தொலைவால் பெருக்கினால் 2000. இதுவே வீட்டை நிறுத்தும் திருப்புத்திறன். 80 கிலோ எடையுள்ள ஒருவர் வெளிமுனையில் நின்றால் கவிழ்க்கும் திருப்புத்திறன் 80-ஐ 4-ஆல் பெருக்கிய 320 மட்டுமே. அறுவர் நின்றாலும் வீடு கவிழாது. நகைச்சுவைக்கு அங்கே இடமில்லை!

அதே வீடு 4.8 மீட்டர் வெளியே சறுக்கிவிட்டதாகக் கொள்க. இப்போது நிறுத்தும் திருப்புத்திறன் 2000-ஐ 0.2-ஆல் பெருக்கிய 400 தான். முனையில் நிற்கும் ஒருவருடைய திருப்புத்திறன் 384. வீடு மயிரிழையில் நிற்கிறது. இன்னொருவர் அவரருகே ஓரடி வைத்தாற் போதும், வீடு சாயும். எதிர்முனைக்கு ஒருவர் ஓடினால் 416 கூடி, வீடு மீண்டும் நிலைகொள்ளும். சிரிப்பு பிறப்பது இந்தக் குறுகிய எல்லைக்குள்ளேதான். சாப்ளினும் சிங்கீதமும் கணக்கிட்டார்களோ இல்லையோ, காண்போரின் உள்ளம் கணக்கிட்டுவிடுகிறது. அதனாலேயே மூச்சடக்கிச் சிரிக்கின்றனர்.

இக்கோட்பாடு மேனாட்டிலிருந்து மட்டும் வந்ததன்று. மெர்வு நகரில் வாழ்ந்த அறிஞர் அல்-காஸினீ 1121-ஆம் ஆண்டளவில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் அரபு நூலை யாத்தார். ‘ஞானத் தராசு’ என்று அதனைத் தமிழாக்கலாம். ஆர்க்கிமிடீசின் கருத்துகளையும் தம் முன்னோராகிய முஸ்லிம் அறிஞர்களின் ஆய்வுகளையும் தொகுத்து, ஈர்ப்பு மையம், தராசின் சமநிலை, பொருள்களின் ஒப்படர்த்தி ஆகியவற்றை அந்நூல் ஆராய்கிறது. பொன்னில் கலந்த மாற்றுலோகத்தை நீர்த்தராசு கொண்டு காணும் முறையும் அதில் உண்டு. சந்தையில் அளவு பிசகாதிருக்க வேண்டும் என்னும் அறநாட்டம் நுண்ணிய இயற்பியலாக வளர்ந்தது வியப்பன்று.

துறைமுகத்தில் இவை யாவும் நாள்தோறும் நடக்கின்றன. ஃபோர்க்லிஃப்ட் வண்டி முன்னே சுமையைத் தூக்கும்போது முன்சக்கரமே மலைவிளிம்பு. பின்புறத்துக் கனத்த இரும்புக் கட்டியே எதிர்முனைக்கு ஓடிய கமல்ஹாசன். காசிமேட்டுப் படகில் மீனும் பனிக்கட்டியும் அடியறையில் இருக்கும்வரை மையம் தாழ்ந்திருக்கும். ஆட்கள் மேலேறி ஒரே பக்கம் திரண்டால் இடர்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்திலும், சக்கரங்களின் பாதியகலம் 1.2 மீட்டராகவும் உள்ளதெனக் கொள்வோம். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகத்திலேயே உட்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டெழும். கனமான சரக்கைக் கீழடுக்கில் ஏற்றி மையத்தை 1.2 மீட்டருக்குத் தாழ்த்தினால் அவ்வெல்லை 50 கிலோமீட்டராக உயரும். உள்ளே சரக்கு கட்டப்படாமல் நகருமாயின் எல்லை மேலும் குறையும். வண்டி கவிழ்வது எப்போதும் வளைவின் வெளிப்புறமாகவே. ஆகையால் இருசக்கர வண்டியில் கல்லூரிக்கு வரும் மாணாக்கர், வளைவில் திரும்பும் டிரெய்லரின் வெளிப்பக்கத்தில் ஒட்டிச் செல்லாது, அது திரும்பி முடிக்கும்வரை பின்னே நிற்பாராக.